ஒரே கூரையின் கீழ் இரண்டு அயலார்

வாடகை உதவி வாரியத்தின் மூன்றாம் மாடியில், ஏழைகளின் வீடுகளில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்பதை அறிவதற்கென்றே ஒரு பிரிவு இயங்கிவந்தது. அதற்குப் 'பிறர் பிரிவு' என்று பெயர். வாடகை கட்ட இயலாதவருக்கு வாரியம் உதவும். ஆனால் அவர் வீட்டில் வயதுவந்த உறவினர் இன்னொருவர் இருப்பாராயின், அந்த இன்னொருவர் வாடகையில் ஒரு பங்கைத் தந்துவருகிறார் என்று வாரியம் கருதிக்கொள்ளும். கருதிக்கொண்ட பங்கை உதவித்தொகையிலிருந்து கழித்துவிடும். அவர் உண்மையாகவே தருகிறாரா என்று வாரியம் விசாரிப்பதில்லை. விசாரிப்பது குடும்பங்களின்மீது நம்பிக்கையின்மையைக் காட்டும் என்பது வாரியத்தின் கொள்கை.

இந்தக் கொள்கையின் பொருட்டு ஒருநாள் காலையில் அழைக்கப்பட்டிருந்தவரைத் தெருவில் எல்லோரும் லிஃப்ட்காரர் என்பார்கள். உயரமான கட்டடம் ஒன்றில் லிஃப்டை இயக்கிவந்தவர். பொத்தானை அமுக்கும் வேலையைப் பயணிகளே செய்துகொள்ள முடியும் என்பதை நிர்வாகம் கண்டறிந்த நாளில் ஓய்வு பெற்றவர். மனைவி முன்பே போய்விட்டாள். வாடகையைக் கட்டிவந்த மகனும் போன ஆண்டு நோயில் போய்விட்டான். எஞ்சியது இரண்டு அறைகளும் ஒரு கூடமும் சமையலறையும் கொண்ட வீடு. அதில் அவரும் மருமகளும். மருமகளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை: சட்டம் நிமிர்த்துவது, திருகாணி மாற்றுவது.

"உங்க மருமகள் வாடகையில ஒரு பங்கு குடுக்கறாங்க" என்றார் பிறர் பிரிவின் கணக்கர், நல்ல செய்தி சொல்பவரைப் போல.

"இல்லைங்களே சார். அவ சம்பளம் மளிகைக்கும் கரண்ட்டுக்கும் என் மாத்திரைக்குமே சரியாப் போயிடுது."

"குடுக்கலைங்கறது உங்க வீட்டு விவகாரம் பெரியவரே. அதுல நாங்க தலையிட மாட்டோம். குடுக்கறதாக் கருதறது எங்க வேலை. அதுல நீங்க தலையிடாதீங்க."

"நீங்க கருதற பணத்தை வெச்சு நான் எப்படி சார் வாடகை கட்டறது?"

"வீட்டுக்காரர்கிட்டப் பேசிப் பாருங்க. அவரும் கருதிக்கட்டும்."

வீட்டுக்காரரிடம் லிஃப்ட்காரர் ஏற்கெனவே பேசியிருந்தார். வாடகை குறைகிற மாதத்தில் சாமான்கள் தெருவுக்கு வந்துவிடும் என்று அவர் சிரித்த முகத்துடனேயே சொல்லியிருந்தார். கருதும் பழக்கம் அவருக்கு இல்லை.

"வேற வழியே இல்லையா சார்?"

"ஏன் இல்ல? அவங்க வீட்டை விட்டுப் போயிட்டா உங்களுக்கு முழு உதவியும் வரும்."

"அவ எங்க சார் போவா? அப்பா அம்மா இல்லாத பொண்ணு."

"போனதுக்கு அப்புறம் அவங்க எங்க இருக்காங்கங்கறது அவங்களோட விண்ணப்பம். உங்க விண்ணப்பத்துல அதைக் கலக்காதீங்க."

லிஃப்ட்காரர் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காத மனிதர்கள் வரிசையைத் தாமதப்படுத்துகிறார்கள் என்பதால் கணக்கர் சற்றுக் குனிந்து குரலைத் தாழ்த்தினார். அவர் இரக்கமற்றவர் அல்லர். இரக்கத்துக்கும் ஒரு விதி இருப்பதை அறிந்தவர்.

"இங்க பாருங்க. ஒரே வீட்டுல இருக்கற அயலார் விஷயத்துல, வாடகை குடுத்தாத்தான் குடுத்ததாக் கணக்கு. சொந்தக்காரங்கன்னா, குடுக்காட்டாலும் குடுத்ததாக் கணக்கு. சொந்தபந்தத்து மேல வாரியத்துக்கு அவ்வளவு மரியாதை. அதனால நீங்க ரெண்டு பேரும் அயலார்னு நிரூபிச்சிடுங்க. முடிஞ்சது."

"மருமக சார் அவ."

"மகன் இருந்தவரைக்கும் மருமக. நடுவுல இருந்த ஆளே இல்லையே? இப்ப அந்தப் பக்கம் ஒரு முனை, இந்தப் பக்கம் ஒரு முனை. கட்டியிருந்த கயிறு போயிடுச்சு. நான் தப்பாச் சொல்லல, சட்டம் அப்படித்தான் பார்க்கும். அயலார் தகுதிக்கு விண்ணப்பம் குடுங்க. வீட்டைப் பார்க்க ஆள் வருவாங்க, அப்புறம் ஒரு விசாரணை. வாழ்த்துகள்."

வீட்டுக்கு வந்து அவர் விவரத்தைச் சொன்னபோது மருமகள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் திரும்பினாள்.

"அப்போ நான் உங்களுக்கு யாரு மாமா?"

"தெரியலம்மா. வாரியம் விசாரிச்சுச் சொல்லும்."

*

வீட்டைப் பார்க்க வந்த பெண்மணி மேற்பார்வையாளர் பதவியில் இருந்தார். நன்றாகப் படித்தவர்; மிருதுவாகப் பேசினார். செருப்பைக் கழற்றி வைக்கும்போதே அங்கே கிடந்த இரண்டு ஜோடிச் செருப்புகளுக்கு இடையேயான தூரத்தை அவர் கண்ணால் அளந்ததை இருவரும் கவனித்தார்கள்.

"நான் பார்க்க வந்தது ஒட்டுறவோட தடயங்களை" என்று விளக்கினார். "பயப்படாதீங்க. பல வீடுகள்ல ஒண்ணுமே கிடைக்கிறதில்ல."

லிஃப்ட்காரரின் முகத்தைச் சிறிது நேரம் உற்றுப்பார்த்தார்.

"கண்ணாடி ரொம்ப நேரா உக்காந்திருக்கே. யாரு சரி பண்ணினது?"

"நான்தான் மேடம்" என்றாள் மருமகள். "எனக்கு அதுதான் வேலை."

"கூலி வாங்கினீங்களா?"

"இல்ல."

மேற்பார்வையாளர் குறித்துக்கொண்டார். பிறகு லிஃப்ட்காரரின் அறைக்குள் நுழைந்து, கட்டிலருகே மாத்திரைகளோடு வைக்கப்பட்டிருந்த தண்ணீர் டம்ளரைக் கண்டு நின்றார். டம்ளரின்மேல் ஒரு சிறிய தட்டு மூடியிருந்தது.

"மூடி யாரு போட்டது?"

"நான்தான். தூசி விழும்னு..."

"யாரோட தண்ணியில?"

மருமகள் டம்ளரையும் மாமாவையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அடுத்தவர் தண்ணியில தூசி விழுந்தா உங்களுக்கு என்னம்மா?" அவர் குரலில் கண்டிப்பு இல்லை. உண்மையாகவே அறிந்துகொள்ளும் ஆவல்தான் இருந்தது.

கூடத்தில் மகனின் படம் மாட்டியிருந்தது. மேற்பார்வையாளர் அதன் எதிரே கைகட்டி நின்றார். மரியாதைக்காக நிற்கிறார் என்று எண்ணி மற்ற இருவரும் பின்னால் வந்து நின்றார்கள்.

"இது யாரோடது?"

"என் பையன்" என்றார் அவர்.

"என் வீட்டுக்காரர்" என்றாள் அவள்.

"ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே படமா?"

"ஒரே ஆள்தானே மேடம்."

மேற்பார்வையாளர் பெருமூச்சு விட்டார். "இதுதான் சிக்கல். பொது வசதி எத்தனைன்னு நான் கணக்கெடுக்கணும். சமையலறை, குளியலறை, துக்கம். முதல் ரெண்டும் பொதுவா இருந்தாப் பரவாயில்ல, கட்டடம் அப்படி. துக்கமும் பொதுன்னா அது குடும்பம். துக்கத்தைப் பங்கு போட்டுக்கறவங்க சாப்பாட்டையும் பங்கு போட்டுக்கறாங்க, அப்புறம் வாடகையையும் பங்கு போட்டுக்கறாங்க. எங்க அனுபவம் அது. சரி, ரெண்டு பேரும் சேர்ந்து அழறது உண்டா?"

"இல்ல மேடம்" என்றாள் மருமகள், தப்பிக்க ஒரு வழி கிடைத்த அவசரத்தில். "அவரு தனியாத்தான் அழுவாரு. அவரு அழற சத்தம் கேட்டா நான் சமையல்கட்டுல குழாயைத் திறந்துவிட்டுடுவேன். எனக்குக் கேக்குதுன்னு தெரிஞ்சா அவருக்குச் சங்கடமா இருக்கும்ல?"

லிஃப்ட்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். தண்ணீரை ஏன் இப்படி வீணாக்குகிறாய் என்று அவளை இரண்டொரு முறை கடிந்துகொண்டது அவருக்கு நினைவு வந்தது.

மேற்பார்வையாளர் மிக நீளமாக எழுதினார்.

"படத்தைக் கூடத்துல வைக்க முடியாது" என்றார் எழுதி முடித்து. "யாராவது ஒருத்தர் அறையில வெச்சுக்குங்க. இன்னொருத்தருக்குப் பார்க்கணும்னு தோணினா கதவைத் தட்டி அனுமதி வாங்கிட்டுப் பார்க்கலாம். தினமும் வேண்டாம்."

"அவளே வெச்சுக்கட்டும்."

"உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா."

"விட்டுக்குடுக்கறீங்க ரெண்டு பேரும்" என்று மேற்பார்வையாளர் மீண்டும் பேனாவைத் திறந்தார்.

அதைக் கண்டதும் லிஃப்ட்காரருக்கு ஏதோ புரிந்தாற்போல இருந்தது. "அதெல்லாம் முடியாது! என் பையன் படம், என்கிட்டதான் இருக்கணும்!" என்று கத்தினார். மருமகளும் உடனே பிடித்துக்கொண்டாள். "அவரு முன்னாடியே என்கிட்டச் சொல்லிட்டாரு, தன்னோட சாமான் எல்லாம் எனக்குத்தான்னு!" "என்ன சாமான்? பெத்தது யாரு?" "கட்டிக்கிட்டது யாரு?" இருவருக்கும் குரல் ஏறியது, பொய்யாகத் தொடங்கிய சண்டையில், எங்கிருந்தோ வந்து, கொஞ்சம் உண்மையும் கலந்துகொண்டது. இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

மேற்பார்வையாளர் தலையை அசைத்தார்.

"சண்டை போடறது சொந்தக்காரங்க. அயலார் சண்டை போட மாட்டாங்க, புகார் குடுப்பாங்க."

படம் மருமகளின் அறைக்குப் போனது. அன்று மாலை அவர் கூடத்தில் தேநீரோடு உட்கார்ந்து, வழக்கம்போல் சுவரைப் பார்த்துப் பேச வாயெடுத்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

*

விசாரணையில் என்ன கேட்பார்கள் என்பதைக் கணக்கர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்; அதில் இரகசியம் எதுவும் இல்லை. ஒருவரைப் பற்றி மற்றவர் எவ்வளவு அறிந்திருக்கிறார் என்று பார்ப்பார்கள். அறிந்தவை ஒவ்வொன்றும் விண்ணப்பத்துக்குப் பாதகம். அறியாதவை சாதகம். பள்ளியில் தேர்வு எழுதிய காலத்தில் இப்படி ஒரு முறை இருந்திருந்தால் தாம் பெரிய பதவிக்குப் போயிருக்கலாம் என்று லிஃப்ட்காரர் சொன்னார்.

இருவரும் ஒத்திகை பார்க்கத் தொடங்கினார்கள்.

"லிஃப்ட்ல ஏறறவங்க எப்படி நிப்பாங்க தெரியுமா?" என்றார் அவர். "தோள் இடிக்கும். மூச்சுக்காத்து கழுத்துல படும். ஆனா ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்க மாட்டாங்க. மேல ஓடற நம்பரையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. நாம அப்படி இருந்தாப் போதும்."

மருமகள் சமையலறை வாசலில் போய் நின்றாள். முகத்தைத் தூக்கி உத்தரத்தைப் பார்த்தாள்.

"மூணாவது மாடி சார்" என்றாள்.

அவர் பழக்கதோஷத்தில் கையை நீட்டி, இல்லாத பொத்தானை அமுக்கிவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவரும் சிரித்தார். மகன் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. சற்று நேரத்தில் இருவருக்கும் அது உறைத்தது. அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

ஒத்திகையில் அவள் கெட்டிக்காரி. 'சார்' என்று ஒருமுறை சொல்லத் தொடங்கிவிட்டால் அன்றைய ஒத்திகை முடியும்வரை 'மாமா' என்பது வாயில் வராது. அவருக்கோ எதுவும் தேறவில்லை. அவரைச் சோதிப்பதற்காக அவள் வேண்டுமென்றே சமையலறையில் ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டாள். முழங்கால் வலிக்காரர், அந்த வயதில், பறந்து வந்து நின்றார்.

"என்னாச்சும்மா? காலுல விழுந்துடுச்சா?"

"தோத்துட்டீங்க மாமா."

"சரி சரி. இன்னொரு தடவை போடு. இப்ப வர மாட்டேன்."

அவள் அடுத்த அறைக்குப் போய் இருமினாள். அவர் நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் விடாமல் இருமினாள். கடைசியில் அவர் மூடிய கதவருகே வந்து தொண்டையைச் செருமினார்.

"மேடம்... உங்களை எனக்கு யாருன்னு தெரியாது. இருந்தாலும் கொஞ்சம் வெந்நீர் வெச்சுத் தரட்டுங்களா?"

*

விசாரணை அறையில் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள், ஒன்றையொன்று பாராத விதமாக. எதிரே உயர்ந்த மேசையில் வாரியத் தலைவர். அவருக்குப் பக்கவாட்டில், கண்ணைத் தவிர உடம்பில் எதுவும் அசையாத ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் முகக் குறிப்பாளர். வாயால் சொல்லப்படும் பதிலைத் தலைவர் கேட்டுக்கொள்வார். முகம் சொல்லும் பதிலை இவர் குறித்துக்கொள்வார். இரண்டும் மாறுபட்டால் முகத்தின் சாட்சியமே செல்லும்.

"இந்தப் பெண்மணி காலையில காப்பி எப்படிக் குடிப்பாங்க?" என்று தலைவர் லிஃப்ட்காரரைக் கேட்டார்.

"தெரியாதுங்க ஐயா."

முகக் குறிப்பாளர் எழுந்தார். "சொல்றப்போ வாய் கோணிச்சு ஐயா. கசப்பு. சர்க்கரை போடாமக் குடிப்பாங்கன்னு நினைக்கிறேன்."

"உண்மையாம்மா?"

மருமகள் தலைகுனிந்தாள். முதல் பாதகம் பதிவாயிற்று.

"இவருக்கு எந்த முழங்கால்ல வலி?" என்று தலைவர் அவளைக் கேட்டார்.

இரவுதோறும் அந்த முழங்காலுக்குத் தைலம் சூடுபண்ணித் தருபவள் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "தெரியாது சார்" என்றாள். "அவருக்கு முழங்கால் வலி இருக்குங்கறதே எனக்குத் தெரியாது."

முகக் குறிப்பாளர் எதுவும் எழுதவில்லை. அவ்வளவு தெளிவான முகம். எப்படிப்பட்ட கெட்டிக்காரி என்று லிஃப்ட்காரருக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைக்கு அடியில் ஏதோ சுருக்கென்று தைக்கவும் செய்தது. நடிப்புத்தானே என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

அவருடைய முறை வரும்போதெல்லாம் காரியம் கெட்டது. அவளுக்குப் பயம் எதைக் கண்டு? தெரியாது என்றார், இடி இடிக்கையில் சன்னலைச் சாத்த எழுபவரைப் போல அவர் தோள் அசைந்ததை முகக் குறிப்பாளர் பார்த்துவிட்டார். கடையில் அவளை யாராவது திட்டியதுண்டா? தெரியாது என்றார், பல்லைக் கடித்தது தாடையில் தெரிந்தது. பாதகங்கள் ஏறிக்கொண்டே போயின.

தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வருத்தத்தோடு நாற்காலியில் சாய்ந்தார்.

"பெரியவரே, உங்க நன்மைக்குத்தான் சொல்றேன். இப்படி மனுஷங்களைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டே போனா அரசாங்கம் எப்படித் தாங்கும்? என்னையே எடுத்துக்குங்க. இந்தச் சட்டத்தை எழுதினதுல எனக்கும் பங்கு உண்டு. ஊருக்குச் சொல்றதை நான் முதல்ல செஞ்சு காட்டணும் இல்லையா? என் பொண்ணு பக்கத்துத் தெருவுலதான் இருக்கா. அவளுக்கு என்ன வேலைன்னு எனக்குத் தெரியாது. குழந்தை பிறந்ததாச் சொன்னாங்க. ஆணா பொண்ணான்னு கேட்டுக்கல. என் மனைவி இருக்காங்களே, சாப்பாட்டு மேசையில எதிர்லதான் உக்காருவாங்க. நான் இதே கேள்விகளுக்கு உக்காந்தேன்னு வெச்சுக்குங்க, ஒரு பாதகம் வாங்க மாட்டேன். ஒண்ணு கூட!"

முகக் குறிப்பாளர், வழக்கத்தின் காரணமாக, தலைவரின் முகத்தையும் பார்த்தார். பார்த்ததை எழுதவில்லை.

"சரி, கடைசிக் கேள்வி" என்று தலைவர் கோப்பைப் புரட்டினார். "உங்க மகன் காலமானப்போ பக்கத்துல இருந்தது இந்தப் பெண்மணி மட்டும்தான்னு இருக்கு. நீங்க எங்க இருந்தீங்க?"

"கீழ போயிருந்தேன் ஐயா. அவனுக்கு இளநீ வாங்க."

"திரும்பி வர ஏன் தாமதம்?"

அந்தப் பிற்பகலில் மருத்துவமனை லிஃப்டின் முன்னால் பெருங்கூட்டம். கதவு திறந்ததும் அவர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். மற்றவர்களை ஏற்றிய பிறகே தாம் ஏறுவது அவருடைய வாழ்நாள் பழக்கம். எல்லோரும் ஏறியபின் இடமில்லை. அடுத்த நடைக்கும் அப்படியே ஒதுங்கினார். யாரும் அவரிடம் அப்படிக் கேட்கவில்லை. கை தானாகவே நீண்டு, வாங்க வாங்க என்று மற்றவர்களை உள்ளே அனுப்பியது. மேலே போய்ச் சேர்ந்தபோது மருமகள் படுக்கையருகே நின்றுகொண்டிருந்தாள். அவள் நின்ற விதத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

"லிஃப்ட்ல கூட்டம் ஐயா" என்றார்.

"உங்க மகன் கடைசியா என்ன சொன்னார்?"

"தெரியாதுங்க ஐயா."

முகக் குறிப்பாளர் முன்னால் சாய்ந்தார். புருவம், இமை, உதடு, தொண்டை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவ்வளவு நேரம் அவர் வேறு எந்த முகத்தையும் பார்த்ததாக அலுவலகத்தில் யாருக்கும் நினைவில்லை. பிறகு மெல்லிய குரலில், "இவருக்கு உண்மையாவே தெரியாது ஐயா" என்றார்.

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, அவர் ஏதாவது சொன்னாரா?"

"சொன்னாரு."

"நீங்க இவர்கிட்டச் சொல்லலையா?"

"இல்ல."

"இத்தனை நாளா? ஏன்?"

"அவரு கேக்கல." அன்றைக்கு முதன்முறையாக அவள் முகம் ஒத்திகைக்கு அடங்காமல் போயிற்று, ஆனால் அதைப் பார்க்க வேண்டிய முகக் குறிப்பாளர் லிஃப்ட்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஏன் கேக்கல பெரியவரே?"

தாமதமாக வந்தவனுக்குக் கேட்க உரிமை உண்டா என்பது அவருக்கே தெளிவாகாத ஒன்று. அதை இந்த மேசைக்கு எப்படிச் சொல்வது? "தெரியாதுங்க ஐயா" என்றார். இதற்கு முகம் என்ன சொன்னதென்று முகக் குறிப்பாளர் வாய் திறக்கவில்லை.

தலைவரின் மகிழ்ச்சிக்கு அளவில்லை. "பாருங்க! ஒரே கூரைக்குக் கீழ இத்தனை நாள். பெத்த பிள்ளையோட கடைசி வார்த்தை ஒருத்தர் கையில இருக்கு, இன்னொருத்தர் கேக்கக்கூட இல்ல. காப்பி, முழங்கால் எல்லாம் சில்லறை விஷயம். இதைச் சொல்லிக்காத ரெண்டு பேர் எப்படிக் குடும்பமா இருக்க முடியும்? நீங்க அயலார்தான். சந்தேகமே இல்ல. வாழ்த்துகள்!"

முழு உதவியும் அனுமதிக்கப்பட்டது. இனிப் பங்கு எதுவும் கழிப்பதில்லை என்று ஆணை. அதைத் தலைவரே வாசித்தார். விண்ணப்பதாரரின் இந்த அறியாமையே தகுதியின் அடிப்படை என்றும், ஆண்டுதோறும் விசாரணையில் இந்த ஒரு கேள்வி மட்டும் மறுபடி கேட்கப்படும் என்றும், அறியாமை நீங்கிவிட்டதாகத் தெரிந்தால் தகுதியும் நீங்கிவிடும் என்றும் அதில் கண்டிருந்தது. "இனிமே சுலபம்" என்றார் தலைவர். "இப்ப இருக்கற மாதிரியே இருங்க, போதும்."

*

பேருந்தில் இருவரும் வேறுவேறு இருக்கைகளில் அமர்ந்து வீடு திரும்பினார்கள். அவள் சமைத்தாள். அவர் சட்டையைக்கூட மாற்றாமல் தம் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அடுப்பை அணைத்துவிட்டு அவள் வந்து அவர் அறை வாசலில் நின்றாள்.

"மாமா."

"சொல்லும்மா."

"அவரு கடைசியா..."

அவர் கை விருட்டென்று உயர்ந்தது. "வேண்டாம்."

"எத்தனையோ தடவை சொல்ல வந்தேன் மாமா. நீங்களாக் கேப்பீங்கன்னு விட்டுட்டேன். கேக்காதவர்கிட்ட எப்படிச் சொல்றது?"

"கேக்கணும்னுதான்மா இருந்தேன். இன்னிக்கு வேண்டாம், நாளைக்குக் கேக்கலாம்னு..." அவர் உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டார். "இப்ப சொல்லிடாத. அடுத்த வருஷமும் கேப்பாங்க."

"தெரியாதுன்னு சொல்லிடுங்க."

"நான் சொல்லிடுவேன். இந்த மூஞ்சி சொல்லாதே! ஒரு பாத்திரம் விழுந்தாலே ஓடி வந்துடறேன். இதை வெச்சுக்கிட்டு எப்படிம்மா அந்த ஆளு எதிர்ல உக்காருவேன்?"

"வீடு போனா போகட்டும்."

"போனா நீ எங்க போவே?"

அவள் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூடத்தில் விளக்குப் போடவில்லை. சமையலறை வெளிச்சம் அவள் பாதிமுகத்தில் விழுந்திருந்தது. அவர் தரையைப் பார்த்தபடி, யாரையும் கேட்காததுபோல, தணிந்த குரலில் கேட்டார்.

"நான் எங்கன்னு கேட்டானா?"

அவள் உதடு பிரிந்தது.

"வேண்டாம், வேண்டாம். சொல்லாத. தலையைக்கூட ஆட்டிடாதம்மா."

அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். அவள் போகும் காலடியோசை கேட்டதும் திறக்கலாம் என்று காத்திருந்தார். அவள் போகவில்லை.